பத்தொன்பது நிமிடம் அம்சவள்ளியாக இருந்தேன்

இது நடந்தது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று ஒரு டாக்டர் சொல்லியாகிவிட்டது. பரீட்சை பயம் என்று எங்கள் துறைத்தலைவர் சொல்லியாகிவிட்டது. மந்திரித்துக் கயிறு கட்டணும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியாகிவிட்டது. நீங்கள் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை.

பேய் என்றால் ராத்திரி, அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்திருந்தால் அதற்கும் நான் பொறுப்பில்லை. இது நட்ட நடுப்பகல். மரக்காணம் உப்பளம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை. ஒளிந்துகொள்ள ஒரு செடிகூட இல்லாத இடம்.

போன வருஷம் ஏப்ரல் 28, திங்கட்கிழமை. மதியம் பன்னிரண்டரை மணி.

என் பெயர் அருள்மொழி. சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன், கடைசி செமஸ்டர். என் அம்மா திரௌபதி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். "ஸ்பானிஷா? அத படிச்சிட்டு என்னாடி பண்ணுவ?" என்று ஊரில் என்னைக் கேட்காத ஆள் பாக்கி இல்லை. அந்த மொழி, அந்த ஊர் இலக்கியம், அந்த ஊர்த் திருவிழா, அந்த ஊர்ச் சாப்பாடு... ஐந்து வருஷம் முட்டி மோதிப் படித்தேன். அங்கேயும் கடலோரத்தில் உப்பளம் இருக்கிறது என்று ஒரு பாடத்தில் வந்தது. வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தது நான் ஒருத்திதான்.

கடைசி செமஸ்டரில் ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. உங்கள் ஊர் ஆள் ஒருவரை நீங்கள் அழைத்துவர வேண்டும். அவர் தன் வேலையைப் பற்றித் தமிழில் பேசுவார். அவர் நிறுத்தி நிறுத்திப் பேச, நீங்கள் உடனுக்குடன் ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பாண்டிச்சேரியில் துபாஷி என்பார்களே, அந்த வேலைதான். ஸ்பெயினிலிருந்து ஒரு பேராசிரியை வீடியோவில் கேட்டு மார்க் போடுவார். முதல் மார்க் எடுப்பவருக்கு அங்கே ஒரு வருஷம் படிக்க இடம். ஒரே ஒரு இடம். அது எனக்கு வேண்டியிருந்தது. வெட்கமே இல்லாமல் சொல்கிறேன், வெறி பிடித்ததுபோல் வேண்டியிருந்தது.

எங்கள் துறைத்தலைவர் விஜயலட்சுமி மேடம் என் தலைப்பைப் பார்த்தார். "உப்பளம்லாம் வேணாம் அருள்மொழி. பரிதாபம் தேடற மாதிரி இருக்கும். கோலம், பரதம்னு அழகா ஏதாவது எடேன்" என்றார். வகுப்பே சிரித்தது. என் அம்மாவின் வேலை பரிதாபமாம், கோலம் அழகாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே உப்பளம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இந்த வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன். பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் நாம் என்று ஒரு ஆளே கிடையாது, நாம் அவருடைய வாய். அவர் முகத்தையும் பார்க்கக் கூடாது, கவனம் சிதறும். காது அவரிடம், கண் நம் நோட்டில். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அவர் அழுதாலும் எழுந்து போய்க் கண்ணைத் துடைக்கக் கூடாது. இரண்டு வருஷம் இதைத்தான் எனக்குள் அடித்து அடித்து இறக்கினார்கள். நான் நன்றாகப் படிக்கிற பெண். நன்றாகவே இறங்கிவிட்டது.

எனக்காகப் பேச ஒத்துக்கொண்டவள் அம்சவள்ளி அக்கா. அம்மாவோடு வேலை செய்கிறவள். முப்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வாய் உண்டு. உப்பளத்தைக் குத்தகை எடுத்து நடத்துகிற கார்த்திகேசனை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு ஒத்திகை பார்த்தோம். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒத்திகைக்கே தலை நிறையப் பூ.

"அங்க இருக்கறவங்க நான் சொல்றத கேப்பாங்களா அருளு?"

"கேக்கறதுக்குத்தான்க்கா உக்காந்திருப்பாங்க."

"அப்ப மோட்டார் ஷாக் அடிக்குதே, அத சொல்லவா? மூணு வாட்டி சொல்லிட்டேன், ஒயர மாத்த மாட்றான். காஞ்ச குச்சியால சுவிட்ச போடுன்றான்."

"அது வேணாம்க்கா. உப்பு எப்படி எடுக்கறீங்கன்னு மட்டும் சொல்லு. ஆனா உணர்ச்சியா சொல்லணும். கத மாதிரி."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"சரி. கத மாதிரியே சொல்றேன்" என்றாள். "திங்கக்கெழம பன்னெண்டேகாலுக்கு ஆபீஸ் கொட்டாய்ல இருப்பேன். நீ பயப்படாத."

ஆபீஸ் கொட்டாய் என்பது உப்பளத்தின் நடுவில் இருக்கிற ஒற்றை அறை. செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எங்கள் வீட்டில் சிக்னல் வராது. அங்கே முழுசாக வரும். பத்தரை மணிக்கு மேல் வேலை இருக்காது, ஆள் நடமாட்டமும் இருக்காது. ஸ்பெயினில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பன்னிரண்டரை. எல்லாம் பொருந்தி வந்தது. அம்மா சனிக்கிழமையே கார்த்திகேசனிடம் கேட்டு ஒரு சாவி வாங்கி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டாவது ஒத்திகை. அம்சா அக்கா வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். வீடு பூட்டியிருந்தது.

"பெருமுக்கல்ல தங்கச்சி வூட்டுக்கு போயிட்டாளாம். காலைல வேலைக்கும் வரல. கார்த்திகேசன்தான் சொன்னாரு" என்றாள் அம்மா.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் தங்கச்சி வீடு கேட்குதா? ராத்திரி முழுக்கத் தூங்காமல் அவளைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அம்மா வேலை முடிந்து வந்தாள். அன்றைக்கும் அவள் வரவில்லையாம்.

"நீ வந்து பேசும்மா."

"அய்யோ, எனக்கு வராதுடி. ஆறரை மணிலேர்ந்து வேல பாத்து நிக்க முடியல. இன்னிக்கி கார்த்திகேசன் எங்கள கடைசி பாத்திங்களுக்கு தள்ளி வுட்டுட்டாரு. மூணாவது குவியல் பக்கமே வராதீங்க, கீத்து மாத்தணும்னு கத்தறாரு. என்னா கோவமோ."

அதை நான் காதில்கூட வாங்கவில்லை. போய் அந்தப் பேராசிரியையிடம் மன்னிப்பு கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று லேப்டாப், நோட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு மொபெட்டில் கிளம்பினேன். மணி 12:14.

வழியில் ஒரு ஈ காக்கை இல்லை. பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. துளிக் காற்று இல்லை. கொட்டாய்க்குப் பக்கத்தில், உப்பங்கழிக்கும் ரோட்டுக்கும் நடுவில், வரிசையாக உப்புக் குவியல்கள், மேலே கீற்று போட்டு மூடியிருந்தது. வண்டியை நிறுத்தியபோது ஒரு சத்தம் கேட்டது.

சர... சர...

காய்ந்த கீற்று உரசுகிற சத்தம். எலி என்று நினைத்துக்கொண்டேன்.

12:21. பூட்டைத் திறந்தேன். நன்றாக நினைவு இருக்கிறது, வெளியில் பூட்டு தொங்கியது, நான்தான் சாவி போட்டுத் திறந்தேன்.

உள்ளே ஸ்டூலில் அம்சா அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"எங்கக்கா போன? போன் எடுக்க மாட்டியா? எனக்கு உசுரே போயிடுச்சு!"

"வந்துட்டேன்ல."

போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது குரல். பூட்டிய அறைக்குள் எப்படி வந்தாள் என்று ஒரு கணம் தோன்றியது. கார்த்திகேசனிடம் இன்னொரு சாவி இருக்கும், வாங்கியிருப்பாள் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். எனக்கு அவசரம். 12:24 ஆகிவிட்டது. தண்ணி வேணுமாக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே பச்சைச் சேலை. தலையில் அதே பூ, கருகி இருந்தது. முழங்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தங்கச்சி வீட்டுக்குப் போனவள் சேலை மாற்றாமலா இருப்பாள்? அந்தத் தகர டப்பா மாதிரி அறையில் எனக்கு வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

இதையெல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

அவள் எனக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னால். கேமரா என் மேல் மட்டும். அப்படித்தான் உட்கார வேண்டும் என்பது தேர்வு விதி.

12:30. பேராசிரியை வந்தார். நரைத்த முடி, நல்ல சிரிப்பு. விஜயலட்சுமி மேடமும் வந்தார், அதாவது ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. கேமரா ஆஃப், மைக் ஆஃப். மூலத்தில் இருப்பதை நான் சரியாகச் சொல்கிறேனா என்று தமிழைக் கேட்டு மார்க் போட வேண்டியவர் அவர். நானும் அம்சா அக்காவும் வணக்கம் சொன்னோம்.

"உன் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்கிறது. பரவாயில்லை, தமிழை உங்கள் மேடம் பார்த்துக்கொள்வார். ஆரம்பி" என்றார் பேராசிரியை ஸ்பானிஷில்.

12:31.

"நான் அம்சவள்ளி. மரக்காணம் உப்பளத்துல வேல செய்யறேன். விடிகாலம் நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன். மொத ஆளு நான்தான்."

நான் அம்சவள்ளி என்றேன் ஸ்பானிஷில். தடுமாறாமல் வந்தது. பேராசிரியை தலையாட்டினார். இடம் எனக்குத்தான் என்று மனசு குதித்தது.

பாத்தி கட்டுவது, உவர்த்தண்ணீர் பாய்ச்சுவது, உப்பு விளைவது... ஒத்திகை பார்த்தது பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். 12:35 வரைக்கும்.

"நேத்து விடிகாலம் நாலு அம்பதுக்கு மோட்டார் போட போனேன். குச்சி பனில நனஞ்சி இருந்துச்சு."

சுருக்கென்றது எனக்கு. மோட்டார் வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன்! பல்லைக் கடித்தேன். ஆனால் குறைக்கக் கூடாதே... சொன்னேன்.

"தூக்கி அடிச்சிடுச்சு. கீழ கெடந்தேன். கண்ணு தெறக்க முடியல, கை அசைக்க முடியல. காது மட்டும் கேட்டுச்சு."

அடடா, நடிக்கிறாள்! கதை மாதிரி சொல்லச் சொன்னேன் அல்லவா, எடுத்து விடுகிறாள் என்று நினைத்தேன். கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம்... பேராசிரியையின் சிரிப்பு நின்றுவிட்டது, அவர் திரைக்குக் கிட்ட வந்திருந்தார். இது நல்ல மார்க் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் நானும் குரலைத் தாழ்த்தி, உணர்ச்சியோடு சொன்னேன்.

12:38. "தாகமா இருக்குது."

எனக்குத் தாகமாக இருக்கிறது என்று ஸ்பானிஷில் சொன்னேன். என் தண்ணீர் பாட்டில் மேஜை மேல் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"விடியற நேரத்துல அவரு வந்தாரு. செருப்பு காலால தள்ளி பாத்தாரு. போன்ல யாருகிட்டயோ, 'செத்துட்டாடா, நாளைக்கி ராத்திரி லாரி கொண்டா'ன்னாரு. நான் சாவலன்னு சொல்ல பாக்கறேன்... வாய் வரல."

எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது.

12:41. கார்த்திகேசன்.

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என் மொபெட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கினார். அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை ஸ்டூல் மேல் போய், நிற்காமல் தாண்டிப் போயிற்று.

"தனியா யாருகிட்டமா பேசற?"

பரீட்சை என்று லேப்டாப்பைக் காட்டினேன். தனியாவா? அம்சா அக்கா மேல் இவருக்கு அவ்வளவு வெறுப்பா, மனுஷியாகக்கூட மதிக்கமாட்டாரா என்று பற்றிக்கொண்டு வந்தது. அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், ஸ்பானிஷில், நிறுத்தி நிதானமாக:

செருப்புக் காலால் என்னைத் தள்ளிப் பார்த்தார். செத்துவிட்டாள் என்று போனில் சொன்னார். நான் சாகவில்லை.

அவர் முகம் தெளிந்தது. பயப்பட ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்ட முகம்.

"என்னா பாஷம்மா இது? கேக்கறதுக்கு பாட்டாட்டம் இருக்குது!"

சிரித்தார். மேஜையிலிருந்து என் பாட்டிலை எடுத்தார். கேட்கவில்லை. அண்ணாந்து கடகடவென்று குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. காலி பாட்டிலை வைத்துவிட்டு, "நல்லா படி, நல்லா படி" என்று போனார்.

12:44.

பின்னாலிருந்து ஒரு சூடு வந்தது. அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததுபோல. கூடவே கருகின முடி வாசனை.

"மூணாவது குவியல்ல போட்டாரு. ரெண்டு கூடை உப்ப வாரி மேல தள்ளி, கீத்த போட்டு மூடிட்டாரு. தல கழி பக்கம். காலு ரோட்டு பக்கம்."

சொன்னேன்.

"வாயெல்லாம் உப்பு. தாகமா இருக்குது."

சொன்னேன்.

சர... சர...

இப்போது சத்தம் உள்ளே கேட்டது. காற்று இல்லை. என் நோட்டுத் தாள்கூட அசையவில்லை.

திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. பார்க்கக் கூடாது... பார்த்தால் மார்க் போகும்... கண் நோட்டில்... காது அவளிடம்...

12:47.

"அருளு... தாகமா..."

என் பெயரைச் சொன்னாள். பேச்சில் என் பெயர் வரக் கூடாது, அது மூலத்தில் சேராது என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். எனக்குத் தாகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது முறை.

சர...

அப்புறம் ஒன்றும் இல்லை.

பத்து விநாடி. இருபது விநாடி.

"முடித்துவிட்டாரா?" என்றார் பேராசிரியை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடித்துவிட்டார்" என்றேன்.

12:49. திரை அணைந்தது. அப்போதுதான் திரும்பினேன்.

ஸ்டூல் காலி.

மேலே உப்பு பூத்திருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு, வட்டமாக.

அந்த அறைக்கு ஒரே வாசல், அது என் எதிரில் இருந்தது. என்னைத் தாண்டாமல் யாரும் போக முடியாது. வெளியே ஓடினேன். நாலா பக்கமும் வெள்ளை. தூரத்தில் கார்த்திகேசன் வண்டிப் புழுதி. வேறு ஒரு ஜீவன் இல்லை. குவியல்கள் வரிசையாக நின்றன. மூன்றாவதைப் பார்த்தேன்...

கிட்டே போகவில்லை. மொபெட்டை உதைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

வாந்தி. காய்ச்சல். வெயிலில் சுற்றினாள், அதான் என்று அம்மா என் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு!

நாலு மணிக்கு எழுந்து நோட்டை எடுத்தேன். தாள்கள் அப்பளம்போல் விறைத்து, ஓரமெல்லாம் உப்புப் படிந்திருந்தன. நான் சுருக்கெழுத்துபோல் எனக்கென்று குறித்துக்கொண்ட அடையாளங்கள்: 3 என்று எழுதி வட்டம், மேலே கீற்று, ஒரு கோடு, ரோடு. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"மூணாவது குவியலா?" என்றாள் அம்மா. அவ்வளவுதான். மூலையில் சாத்தியிருந்த, உப்பு வாருகிற பலகையை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். போகிற வழியில் ஒவ்வொரு வீட்டிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எட்டுப் பெண்கள் வந்தார்கள். கார்த்திகேசனின் ஆள் ஒருவன் குறுக்கே வந்து கையை விரித்தான். அம்மா அவனைப் பலகையாலேயே தள்ளிவிட்டாள்.

மணி 5:10. கீற்றை இழுத்தார்கள்.

தலை கழிப் பக்கம். கால் ரோட்டுப் பக்கம். பச்சைச் சேலை.

கார்த்திகேசனைப் பிடித்தார்கள், விட்டார்கள். இப்போது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கடைத்தெருவில் டீ குடிக்கிறார். மோட்டாருக்கு அந்த வாரமே புது ஒயர் வந்துவிட்டது, அதற்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. ஸ்பெயினில் இடம் எனக்குத்தான் கிடைத்தது. போகவில்லை. கேஸில் சாட்சி சொல்ல நான் இங்கே இருக்க வேண்டும். "நீ கண்ணால பாத்தியாம்மா?" என்று கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல?

ஜூனில் மார்க் வந்தது. இருபதுக்குப் பத்தொன்பதரை. 'மொழிபெயர்ப்பு மூலத்துக்கு முழு உண்மையாக உள்ளது' என்று எழுதி விஜயலட்சுமி மேடம் கையெழுத்துப் போட்டிருந்தார். தேர்வின் பதிவை வாங்கிக் கேட்டேன். தமிழ் வர வேண்டிய இடத்தில் எங்கேயும் ஒரு குரல் இல்லை. சர... சர... அது மட்டும். எதைக் கேட்டு மார்க் போட்டீங்க மேடம் என்று நேரே போய்க் கேட்டேன். "எனக்கு நல்லா கேட்டுச்சேம்மா" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேராசிரியை தனியாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 'தாகம் என்ற சொல் பல்லவிபோல மூன்று முறை திரும்ப வருகிறது. மாணவி அதை ஒருமுறைகூட அலங்கரிக்கவில்லை. உயர்ந்த இலக்கிய உணர்வு.' நல்ல மனுஷிதான். அவருக்கென்ன தெரியும். ஆனாலும் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன்.

அதுவரைக்கும் நானும் ஊரைப்போல்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலையில் செத்தவள் திங்கள் மதியம் வந்து பேசினாள், பேயாக வந்து தன் நியாயத்தைக் கேட்டாள் என்று. அதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

ஆகஸ்டில் பிரேதப் பரிசோதனை அறிக்கையை வக்கீல் படித்துக் காட்டினார். கையில் மின்சாரம் பட்ட காயம் இருக்கிறது. அதனால் சாகவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றிச் செத்திருக்கிறாள். இறந்த நேரம், ஏப்ரல் 28 திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவில்.

அன்றைக்குச் சாயங்காலம் உப்பளத்துக்குப் போனேன். ஸ்டூல் இருந்த இடத்திலிருந்து மூன்றாவது குவியல் வரைக்கும் நடந்து அளந்து பார்த்தேன்.

நாற்பத்தொரு தப்படி.